இரங்கற்பாவா, மரணப் பத்திரமா?

பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பாடுவது எம் கவிஞர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. வைகாசி வந்தாற் கவியரங்கு. கார்த்திகை வந்தாற் கவியரங்கு. மார்கழியிலே கடற்கோள் நினைவுநாள் வந்தால் மீண்டும் கவியரங்கு. பந்தல் போடப்படுகின்றது, ஒலிபெருக்கி கட்டப்படுகின்றது. முன்வரிசையிலே தாய்மார் இருத்தப்படுகின்றனர். அவர்தம் மடியிலே பிள்ளையின் படம். கவிஞர் எழுந்து பாடுகின்றார். சபை கரகோஷம் செய்கின்றது. அவருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. படத்தை மடியில் வைத்திருந்தவள் பேருந்து ஏறி வீடு போய்ச் சேர்கின்றாள். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அக்கேள்விக்கு மேடையில் எவரும் விடை பகரவில்லை. விடை பகராவிடினும் போகட்டும், அக்கேள்வியை எடுத்துச் சொல்லவேனும் ஒருவர் முன்வரவில்லை.

ஆதலின் எம் கவிஞர்மீது இவ்வேட்டின் வாயிலாக ஒரு வழக்குத் தொடுக்கின்றேன். குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று, பிள்ளையை இழந்தவளை அழவிடாது பெருமைப்படச் சொல்லுகின்றனர். இரண்டு, அநியாயமாக இழந்தவளையும் விதியென்று எண்ணி ஆறியிருக்கச் சொல்லுகின்றனர். மூன்று, இறந்தான் என்று எவரும் நிரூபியாத பிள்ளைக்கு இரங்கற்பா எழுதி முடித்துவிடுகின்றனர். இம்மூன்றும் தமிழ்க் கவிதையின் மரபு என்று சாதிக்கின்றார்களே, அதுவே எல்லாவற்றிலும் பெரிய பொய். மரபு என்ன சொல்லுகின்றது என்பதை ஆவணங்களை வைத்தே ஆராய்வோம்.

புறநானூற்றுத் தாய்

வீரத்தாய்க்கு எம் மேடைகளிலே பஞ்சமில்லை. புறநானூற்றுத் தாய் மகன் களத்திலே பட்டான் என்று கேட்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள் என்று சொல்லாத பேச்சாளர் எமக்குள் உளரோ? அவ்வளவில் நிறுத்திக்கொண்டு, ஈழத்துத் தாயும் அவ்வாறே மகிழவேண்டுமென்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர்.

ஓர் ஆவணத்தின் பாதியை வாசித்து மறுபாதியைக் கையால் மறைக்கும் சட்டத்தரணியை எந்த நீதவானும் பொறுத்துக்கொள்ளார். புறநானூற்றின் 277 ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். பூங்கணுத்திரையார் பாடியது. ஆறே அடிகள். கொக்கின் இறகுபோல் நரைத்த கூந்தலையுடைய ஒரு கிழவி. அவள் மகன் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான் என்ற செய்தி வருகின்றது. அவள் மகிழ்ந்தாள் என்பது உண்மை. பாடலின் முற்பகுதி அதனையே சொல்லுகின்றது. பிற்பகுதி என்ன சொல்லுகின்றது? மழை ஓய்ந்தபின் மூங்கிற் புதரிலே தொங்குகின்ற துளிகளை எண்ண முடியுமானால் அவள் கண்ணீரையும் எண்ணலாம் என்ற கருத்தைச் சொல்லுகின்றது. அத்துளிகளை எந்த மேடையிலாவது எவராவது எடுத்துக் காட்டியதுண்டா? அது ஆனந்தக் கண்ணீர் என்று பொருள்கொள்வாரும் உளர். கொள்ளட்டும். அப்பாடலுக்கு முன்னோர் வகுத்த துறையின் பெயர் உவகைக் கலுழ்ச்சி. கலுழ்ச்சி என்றால் அழுகை. துறைக்குப் பெயரிட்டவரே அழுகையை விட்டுவிடவில்லை, நாம் விட்டுவிட்டோம்.

அடுத்த பாடல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறங்காட்டி இறந்தான் என்று பலர் சொல்லக் கேட்ட தாய், அது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளெடுத்துப் புறப்பட்டாள் என்பதை எல்லோரும் அறிவர். அவள் களத்திலே செய்த காரியத்தை மட்டும் எவரும் கவனிப்பதில்லை. பலர் சொன்னார்கள் என்பதற்காக அவள் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. செவிவழிச் செய்தி சாட்சியம் ஆகாது என்பதை அவள் அறிந்திருந்தாள். களத்துக்குத் தானே போனாள். கிடந்த பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மகனின் உடலைக் கண்டாள். எப்படி இறந்தான் என்பதைத் தன் கண்ணாலே தெரிந்துகொண்டாள். அதன்பின்பே மகிழ்ந்தாள்.

இவ்விரு தாயருக்கும் எம் தாய்மாருக்கும் உள்ள வேற்றுமை இப்போது விளங்குகின்றதா? புறநானூற்றுத் தாய்க்குக் களம் இன்னதென்று தெரியும். பகைவர் இன்னாரென்று தெரியும். தேடிப் போனால் உடல் கிடைக்கும். தேடிப் போகின்றவளை மறிக்கும் காவலரண் எதுவும் இல்லை. எம் தாய்க்கு இவற்றுள் எது உண்டு? மகன் எங்கே என்பதே தெரியாதவளிடம் போய், மகனின் மார்பிற் பட்ட புண்ணைக் கண்டு மகிழ்ந்த தாயைப் பாடிக் காட்டுவது எத்துணைக் கொடுமை!

ஒக்கூர் மாசாத்தியார், தன் ஒரே மகனின் கையிலே வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடினார். அப்பாடலைத் தொடங்கும்போதே, அவளுடைய துணிவின் கடுமையைக் கண்டு புலவரின் நெஞ்சு நடுங்குகின்றது. வியப்பும் அச்சமும் கலந்தே அவர் பாடினார். எம் கவிஞரோ அந்த நடுக்கத்தை நீக்கிவிட்டு, வேலை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

ஆயுதப் போர் நடந்த காலத்திலே எம்மவரும் இதனையே செய்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. வித்துடல் வந்திறங்கிய வீட்டிலே தாய் அழலாகாது, நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று பாடப்பட்டது. விரும்பிச் சென்ற பிள்ளையின் தாயையும், இறுதி ஆண்டுகளிலே விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையின் தாயையும் அப்பாடல்கள் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. தெற்கிலும் கிராமத்துச் சிங்களத் தாயிடம் அவள் மகன் தேசத்தைக் காத்த வீரன் என்று பாடி, அவள் வாயையும் அடைத்தனர். மொழி வேறு, பாட்டு ஒன்றே. அழுகின்ற தாய் கேள்வி கேட்பாள் என்ற அச்சம், ஆயுதம் தாங்கிய எல்லோருக்கும் பொதுவானது. அந்த அச்சத்துக்குக் கவிதை துணைபோனது என்பதே என் முதலாவது குற்றச்சாட்டு.

சுடலையிலே கேட்ட கூலி

இனி விதியைப் பாடும் கவிஞரைப் பார்ப்போம். இவர் நல்லவர், கண்ணீர் சிந்துவதை மறுக்காதவர். அழுது முடித்தபின் தாய் ஆறியிருக்கவேண்டும் என்பதே இவர் பாடம். பிறந்தவர் இறப்பது இயற்கை என்பார். இறைவன் கொடுத்தான், இறைவனே எடுத்தான் என்பார். அவன் விண்மீனாய் நின்று பார்க்கின்றான் என்றும் முடிப்பார்.

இவரை நான் எம் ஊர்க் கோயில் வீதிக்கு அழைக்கின்றேன். காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் ‘மயான காண்டம்’ என்றாற் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு வந்து விடியவிடிய இருந்து பார்த்த சனங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர். அவர்களுக்குக் கதை முன்னமே தெரியும். அரிச்சந்திரன் இறுதியில் வெல்வான் என்பதும், மாண்ட மைந்தன் எழுவான் என்பதும் தெரியும். ஆயினும் அவர்கள் காத்திருந்தது அந்த வெற்றியைக் காண்பதற்கன்று. சந்திரமதி சுடலைக்கு வரும் கட்டத்துக்காகவே காத்திருந்தனர்.

அக்கட்டத்திலே நடப்பதென்ன? அடிமையாய் விற்கப்பட்ட தாய். அவள் மகன் தருப்பை கொய்யப் போன இடத்திலே அரவந் தீண்டி மாண்டான். எசமானின் வேலையை முடித்த பின்னரே பிள்ளையைத் தேடிப்போக அவளுக்கு அனுமதி கிடைக்கின்றது. நள்ளிரவிலே தன்னந்தனியே உடலைச் சுமந்து வருகின்றாள். சுடலை காப்பவன் மறிக்கின்றான். கட்டணம் எங்கே என்கின்றான்; முழத்துண்டு எங்கே, வாய்க்கரிசி எங்கே என்கின்றான். கேட்பவன் அவள் கணவன், பிள்ளையின் தகப்பன். ஆயினும் கடமை கடமையாம், சட்டம் சட்டமாம்.

இக்காட்சியிலே பார்த்திருந்தோர் எதற்காக அழுதனர்? பாம்புக்காக மட்டும் அன்று. பிள்ளையை இழந்து நிற்பவளிடம் கூலி கேட்கின்ற அதிகாரத்தைக் கண்டே அழுதனர். கச்சேரியிலே வரிசையில் நின்று, விதானையாரிடம் கடிதம் வாங்கி, அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்து பழகிய மக்களுக்கு அந்தச் சுடலை புதிய இடமன்று. பாட்டிலே விதியும் இருந்தது; தெய்வமும் இருந்தது. ஆனாற் சந்திரமதியின் புலம்பல் விதியோடு நின்றுவிடவில்லை. எசமானைக் கேட்டது, சுடலை காப்பவனைக் கேட்டது, தெய்வத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆறுதல் கூறும் கவிஞர் அந்தக் கேள்விகளை எல்லாம் கழித்துவிட்டுக் கண்ணீரை மட்டும் வைத்துக்கொள்கின்றார்.

மணியடித்த பசு

அப்படியாயின், பிள்ளையை இழந்த துயரைத் தமிழ்ப் பெருங்கவிகள் எவ்வாறு பாடினர்? முறைப்பாடாகப் பாடினர் என்பது என் வாதம். மூன்று சான்றுகள் தருகின்றேன்.

முதற் சான்று சேக்கிழார். பெரியபுராணத்தின் தொடக்கத்திலே திருவாரூரைச் சிறப்பிக்க வந்தவர், கன்றை இழந்த ஒரு பசுவின் கதையைச் சொல்லுகின்றார். இளவரசனின் தேர்க்காலிலே அகப்பட்டுக் கன்று இறந்தது. பசு கண்ணீர் விட்டது. அதனோடு நில்லாது அரண்மனை வாயிலுக்குப் போய்க் கொம்பினால் மணியை அசைத்தது. வாயில்லாச் சீவனின் துயரமும் பிராதாக ஏற்கப்பட்டது. அமைச்சர் என்ன ஆலோசனை சொன்னார்? அந்தணர் வகுத்தபடி கழுவாய் செய்து முடித்துவிடலாம் என்றார். மன்னன் மறுத்தான். அக்கழுவாய் கன்றை இழந்து கதறும் பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று வினவினான். தன் மகன் செய்த கொலைக்கு ஒரு நீதி, பிறர் செய்த கொலைக்கு வேறொரு நீதி என்றால் உலகம் பழிக்காதா என்றும் கேட்டான்.

அந்த அமைச்சர் இன்னும் இறக்கவில்லை. 2022 ஆம் ஆண்டு கொழும்பிலே கூடிய அமைச்சரவை, காணாமற் போனோரின் குடும்பங்களுக்குத் தலைக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்ததே, அது அவர் சொன்ன கழுவாயன்றி வேறென்ன? தாய்மார் அப்பணம் வேண்டாம் என்றனர். அவர்கள் பெரியபுராணம் படித்தவர்களோ இல்லையோ, அப்பசுவின் வழியை அறிந்தவர்கள்.

இரண்டாவது சான்று கம்பர். இருளிலே ஒலி கேட்ட திசை நோக்கித் தசரதன் எய்த அம்பு, கண்ணிழந்த பெற்றோருக்குத் தண்ணீர் முகக்க வந்த மைந்தனைக் கொன்றது. தசரதன் என்ன செய்தான்? உடலை மறைத்தானா? எனக்கொன்றும் தெரியாது என்றானா? அவனே தண்ணீரை எடுத்துக்கொண்டு அப்பெற்றோரிடம் போனான். நடந்ததைத் தன் வாயாலே சொன்னான். கண்ணில்லாத அத்தந்தை தீர்ப்புக் கூறினார்: நீயும் மைந்தனைப் பிரிந்த துயராலேயே மடிவாய் என்று. அயோத்தி வேந்தனாலும் அத்தீர்ப்புக்குத் தப்ப முடியவில்லை. இராமகாதையின் பெருந்துயர் முழுவதற்கும் பின்னாலே, அரசனின் அம்புக்குப் பிள்ளையைக் கொடுத்த பெற்றோரின் குரல் நிற்கின்றது என்பதை எத்தனைபேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

மூன்றாவது சான்று இளங்கோ. கண்ணகி இழந்தது கணவனை, பிள்ளையை அன்று. ஆயினும் பாண்டியன் அவையிலே தான் யாரென்று சொல்லப் புகுந்தவள், தன் ஊரின் பெருமையாக முன்வைத்தவற்றுள் அப்பசுவின் கதையும் ஒன்று. துயரம் எவ்வாறு வழக்காக வேண்டும் என்பதற்கு அவள் காட்டிய முன்தீர்ப்பு அது. அந்தக் காதைக்கு ‘வழக்குரை காதை’ என்றே பெயர். மட்டக்களப்பிலே வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் முன்னிலையிற் படிக்கப்படும் ஏட்டுக்கும் ‘கண்ணகி வழக்குரை’ என்றே பெயர். வேளாண்மை செய்கின்ற மக்கள், தெய்வத்தின் முன்னே அமர்ந்து, ஒரு பெண் அரசனிடம் நீதி கேட்ட வழக்கை ஆண்டுதோறும் படிக்கக் கேட்கின்றனர். இதுவே எங்கள் மரபு. அழுகையும் முறைப்பாடும் இம்மரபிலே இரண்டல்ல.

முடிக்கப்படாத வழக்குக்கு இரங்கற்பா

மூன்றாவது குற்றச்சாட்டே மிகப் பாரதூரமானது. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிலே வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் அமர்ந்தனர். வவுனியா, முல்லைத்தீவு என்று அப்போராட்டம் பரந்தது. அவர்களுட் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டனர். 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே முல்லைத்தீவு மண்ணில், பலர் பார்த்திருக்கப் படையினரிடம் தம் கையாலே பிள்ளையை ஒப்படைத்தவர்கள் அவர்களுள் உண்டு. கையளித்த பிள்ளை எங்கே என்பதே அவர்கள் கேள்வி. இக்கேள்வி சட்டத்துக்கு நன்கு விளங்கும் கேள்வி. ஆட்கொணர்வு மனு என்பது இதற்கென்றே ஏற்பட்டது.

இக்கேள்வியை முடித்துவைப்பதற்கு அரசு கண்ட வழி யாது? 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். ஓராண்டுக்கு மேலாகத் தகவல் இல்லாதவர் பயங்கரவாதச் செயலாலோ கலகத்தாலோ இறந்திருக்கலாம் என்று உறவினர் நம்பினால், மரண அத்தாட்சிப் பத்திரம் பெற்றுக்கொள்ளலாம் என்றது அது. தாய்மாரிற் பெரும்பாலோர் அப்பத்திரத்தை வாங்க மறுத்தனர். மகன் இறந்தான் என்று தாயே கையொப்பமிட்டால், அதன்பின் அவனைப் பற்றி யார் விடை சொல்ல வேண்டும்? அம்மறுப்பின் வலிமையினாலேயே 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. இறந்தார் என்று சொல்லாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் ஒரு சான்றிதழ் ஏற்பட்டது. படிப்பறிவு குறைந்த தாய்மார், சட்டப் புத்தகத்திலே ஒரு சொல்லை மாற்றச் செய்தனர். எந்தக் கவிஞன் இத்தகைய சொல்லாட்சியைக் காட்டினான்?

2020 ஆம் ஆண்டு சனவரியிலே, அப்போதைய சனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ ஐக்கிய நாடுகள் அதிகாரியிடம் காணாமற் போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், விசாரணையின் பின் மரணப் பத்திரம் வழங்கப்படும் என்றும் கூறினார். எப்படி இறந்தனர், எங்கே இறந்தனர், யார் கையால் இறந்தனர் என்று அவர் கூறவில்லை. நாம் கொதித்தெழுந்தோம், கண்டன அறிக்கைகள் விட்டோம். ஆனால் அந்த ஆண்டிலும் அதற்கு முன்னும் பின்னும் எம் கவியரங்குகளிலே, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எத்தனை கையறுநிலைப் பாடல்கள் பாடப்பட்டன! மண்ணிலே விதையாகிவிட்டாய் என்றும், காற்றிலே கலந்துவிட்டாய் என்றும், தாயே இனிக் காத்திராதே என்றும் பாடியவர், சனாதிபதி சொன்னதையன்றி வேறெதைச் சொன்னார்? பதிவாளர் கொடுத்தால் மரணப் பத்திரம். நாம் சந்தத்தோடு கொடுத்தால் இரங்கற்பாவோ?

கையறுநிலை என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை, கை ஓய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். வீதியோரத்திலே படத்தை ஏந்தியிருக்கும் கை ஓயவில்லை. ஓயாத கைக்குக் கையறுநிலை பாடுவது பொய்ச்சாட்சியம்.

உலகிலே இதனை உணர்ந்து பாடிய கவி ஒருவர் உண்டு. உருசியக் கவி அன்னா அக்மதோவாவின் மகன் 1938 ஆம் ஆண்டு கைதுசெய்யப்பட்டான். லெனின்கிராட் சிறைவாயிலின் முன்னே பதினேழு மாதங்கள் மற்றைத் தாய்மாரோடு அவர் வரிசையில் நின்றார். அந்நாட்களைப் பற்றி அவர் பாடிய ‘ரெக்வியம்’ என்ற நெடும்பாட்டை எழுதிவைப்பதே ஆபத்து என்றிருந்தமையால், நம்பிக்கைக்குரிய நண்பர் சிலர் அதனை மனப்பாடம் செய்து காத்தனர். 1963 இலே அது வெளிநாட்டில் அச்சாயிற்று. சோவியத் நாட்டிலே அச்சாக 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ‘ரெக்வியம்’ என்பது இறந்தோர்க்கான வழிபாட்டின் பெயர்தான். ஆயினும் அதனுள்ளே இருப்பது வரிசை, குளிர், சிறைமதில், பக்கத்தில் நின்ற பெண், பொதியை ஏற்பார்களா என்ற ஏக்கம். மகன் இறந்தான் என்று அவர் முடித்துவிடவில்லை. அவர் மகன் மீண்டும் சிறை சென்று 1956 இலே உயிரோடு வந்தான். காத்திருந்த தாயின் பிடிவாதம் பேதைமை அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

உயிரோடு வருவார்கள் என்று நான் வாக்குறுதி அளிக்கவில்லை. அவ்வாறு அளிப்பதும் கொடுமையே. 2025 ஆம் ஆண்டு செம்மணி சித்துப்பாத்தி மயானத்திலே தோண்டத் தோண்ட வந்த மனித எச்சங்களை நாம் கண்டோம். 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றிடையே சிறு குழந்தையின் எலும்பும், பள்ளிப் பையும், விளையாட்டுப் பொம்மையும். அங்கே எலும்பு உண்டு, பெயர் இல்லை. வீதியோரத்திலே பெயர் உண்டு, எலும்பு இல்லை. இவ்விரண்டையும் இணைக்க வல்லது நேர்மையான விசாரணை ஒன்றே. அவ்விசாரணையை வேண்டாது, பொம்மையை மட்டும் பாடி நூறு கவிதை எழுதினாலும், அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயரை மீட்டுக் கொடுக்க முடியாது.

அதே செம்மணியிலே 1996 ஆம் ஆண்டு, பரீட்சை எழுதித் திரும்பிய மாணவி ஒருத்தி சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். பிள்ளை எங்கே என்று கேட்கப் போன தாயும், தம்பியும், அயலவரும் திரும்பவில்லை. 1998 இலே கொழும்பு நீதிமன்று குற்றவாளிகளைத் தண்டித்தது. அக்குற்றவாளிகளுள் ஒருவரின் வாய்மூலமே செம்மணிப் புதைகுழி உலகுக்குத் தெரியவந்தது. அவ்வழக்கின் அடியிலே, ‘என் பிள்ளை எங்கே’ என்று ஒரு தாய் கேட்ட கேள்வி இருக்கின்றது. அதற்கு அவள் தன் உயிரையே விலையாகக் கொடுத்தாள்.

கவிஞர் கூறும் மறுப்பு

கவிதை மனுவன்று, கவிஞன் சட்டத்தரணியல்லன் என்று மறுப்பர். ஒப்புக்கொள்கின்றேன். எல்லா இழப்பிலும் எதிரி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன். காய்ச்சலிலே போன பிள்ளையும், கிணற்றிலே தவறிய பிள்ளையும், 2004 மார்கழியிலே கடல் கொண்ட பிள்ளையும் உண்டு. அங்கே யாரை வழக்குக்கு இழுப்பது? ஜெர்மானியக் கவி ரூக்கெர்ட் 1833–34 குளிர்காலத்திலே இரண்டு பிள்ளைகளை நோய்க்குப் பறிகொடுத்து, நானூறுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதினார். வாழ்நாளிலே அவற்றை அவர் வெளியிடவில்லை. இறந்த பின்னரே, 1872 இலே, நூலாயின. மேடைக்கோ கைதட்டலுக்கோ எழுதப்படாத அழுகை அது. அத்தகைய துயரத்தின் முன்னே எந்த வழக்கறிஞனுக்கும் வேலையில்லை. ஆனால் இயற்கை கொண்டுபோன பிள்ளைக்குரிய பாட்டை, மனிதர் கொண்டுபோன பிள்ளைக்குப் பாடாதீர் என்பதே என் வேண்டுகோள். பின்னையதிலே கொண்டுபோனவர் ஒருவர் இருக்கின்றார். பாட்டிலே அவர் இல்லையென்றால், பாட்டு அவரை விடுதலை செய்துவிட்டது என்பதே பொருள்.

அரசியல் கலந்தால் அழகு கெடும் என்பாரும் உளர். இவர்கள் எம் கிராமத்துப் பெண்களின் ஒப்பாரியை ஒருநாளேனும் காது கொடுத்துக் கேட்டிரார். படித்தோம், நாகரிகம் அடைந்தோம் என்ற எண்ணத்திலே நாம் வீட்டுக்கு வெளியே தள்ளிவிட்ட அந்த ஒப்பாரியிலே பொதுப்பேச்சே கிடையாது. பிள்ளையின் பெயர் உண்டு. அவன் கடைசியாக உண்ட சோறு உண்டு. உடுத்திருந்த சட்டையின் நிறம் உண்டு. அவன் நட்ட வாழை உண்டு. வராத உறவினரையும் கைவிட்ட தெய்வத்தையும் பெயர் சொல்லி ஏசும் துணிவும் உண்டு. அது ஒரு வாக்குமூலம். ஆணைக்குழுக்களின் முன்னே எம் தாய்மார் சாட்சியம் சொன்ன வேளையிலும் அவ்வாறே சொன்னார்கள்: இன்ன நாள், இன்ன இடம், இன்ன சட்டை. ஆணைக்குழுவார் அதனை எழுதிக் கோப்பிலே கட்டிவைத்தனர். கவிஞர் அதனை எழுதவேயில்லை; ‘மகனே, மலரே, விண்மீனே’ என்றனர். சட்டையின் நிறத்தை விட்டுவிட்டு விண்மீனை எடுத்துக்கொண்டவர், அழகுக்காகச் சாட்சியத்தை அழித்தவர் ஆவார்.

தொல்காப்பியர் அழுகைக்கு நிலைக்களன் நான்கு என்றார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. எம் தாய்க்கு இழவு மட்டுமா உண்டு? அலுவலக வாயில்களிலே அவள் பட்ட அவமதிப்பு இளிவு. வீட்டையும் ஊரையும் விட்டு நிலைகுலைந்து அலைந்தது அசைவு. உழைக்கும் பிள்ளை போனபின் வந்தது வறுமை. நான்கும் ஒருங்கே பொருந்திய அழுகை அது. நான்கிலே மூன்றுக்கு மனிதரே பொறுப்பு. இழவை மட்டும் பாடி மற்ற மூன்றையும் மறைப்பவர் இலக்கணத்துக்கும் பிழை செய்கின்றார்.

நன்றாகச் செய்தோரும் எம்மிடையே உண்டு என்பதை நன்றியோடு குறிப்பிடுகின்றேன். 1984 இலே யாழ்ப்பாணத்துத் தாய்மார், கைதான இளைஞருக்காக அன்னையர் முன்னணி அமைத்து வீதியில் இறங்கினர். இரண்டு ஆண்டுகளின் பின், 1986 இலே, பெண்களே எழுதிய ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுதி வெளிவந்தது. அலங்காரத்தைக் குறைத்து, கண்டதையும் பட்டதையும் நேரே சொல்லும் ஒரு குரல் அதிலே கேட்டது. அந்த வழி அடைந்துவிடவில்லை. அதிலே நடப்போர் தொகை போதாது என்பதே குறை.

செய்யவேண்டியவை

தமிழ்ப் பெருமக்களே! கவிஞரை மட்டும் கண்டித்துவிட்டு நாம் தப்பிக்கொள்ளலாகாது. கைதட்டியவர் நாமே, பொன்னாடைக்குப் பணம் கொடுத்தவரும் நாமே.

விழா ஒழுங்கு செய்வோர் இனிமேல், தாய்மாரை முன்வரிசையிலே காட்சிப் பொருளாக இருத்தாது மேடைக்கு அழைக்கவேண்டும். அவர் பேசியபின்பே கவிஞர் பேசட்டும். சட்டத்தரணிகளாகிய நாம், எமக்கு வரும் வாக்குமூலங்களைச் சத்தியக் கடதாசியோடு நிறுத்தாது, தாய்மாரின் சம்மதத்துடன் அவர்தம் சொல்லிலேயே பதிந்துவைக்க வேண்டும். ஆசிரியர்கள் புறநானூற்றுப் பாடலைப் படிப்பிக்கும்போது பின்னடிகளையும் படிப்பிக்க வேண்டும். கமக்காரர்களாகிய நீங்கள், உங்கள் ஊரிலே ஒப்பாரி அறிந்த மூதாட்டியர் இன்னும் இருப்பின், அவர் பாட்டைப் பிள்ளைகள் கேட்கும்படி செய்யுங்கள். அது வெட்கப்படும் பொருளன்று.

கவிஞர்களுக்கு ஒன்றே சொல்வேன். கூலிக்கு மாரடித்தல் என்று எம் ஊரிலே ஒரு பேச்சு உண்டு. அப்பெயரை வாங்கிக்கொள்ளாதீர். பாட்டு எழுத முன்னர் அத்தாயிடம் போங்கள். பிள்ளையின் பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் திகதி, எந்தச் சந்தி, யார் கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். அவள் இறந்தான் என்று சொல்லும்வரை நீங்கள் இறந்தான் என்று எழுதாதீர். அவள் கேட்கும் கேள்வி உங்கள் பாட்டிலே அப்படியே நிற்கட்டும். அதற்கு விடை சொல்லவேண்டியவரின் காதிலே விழும்வரை நிற்கட்டும்.